வாசகர் கேள்வி – பதில்: “அவனுக்குத் தூக்கமே கிடையாது” என்று விட்டுவிடலாமா?

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனித்துக்கொள்பவர்கள் இம்முறை எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ஒரு வரி வருகிறது: “இந்தக் குறைபாடு இருந்தால் இப்படித்தான் இருக்குமாம்.” ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு என்பது உண்மை. ஆனால் அடிக்கடி வருவது வேறு, மாற்ற முடியாதது வேறு. தூக்கம் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் “அது அவன் சுபாவம்” என்று விட்டுவிடுவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு நடக்கும் பெரிய அநியாயம்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். இரவு 9 மணிக்குப் படுக்க வைத்தாலும் தூங்க 11.30 ஆகிவிடுகிறது. அதுவரை எழுவது, ஓடுவது, அழுகை. தினமும் போராட்டம். காலையில் 6.30க்குப் பள்ளிக்காக எழுப்பியே ஆக வேண்டும். என்ன செய்வது?

முதலில் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வையுங்கள். விளக்கை அணைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், நடுவில் விழித்த நேரங்கள், காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம், மாலையில் வண்டியில் கண்ணயர்ந்த பத்து நிமிடம், கொடுத்த மருந்துகளும் அவற்றின் நேரமும். வண்டியில் போட்ட குட்டித் தூக்கத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதுவே இரவில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

குறிப்புகளைப் பார்த்தால் அவன் தூங்கும் நேரம் சராசரியாக 11.30 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். அதனுடன் அரை மணி சேர்த்து, படுக்கும் நேரத்தை நள்ளிரவு 12 என்று வையுங்கள். ஆம், இப்போதைய 9 மணியைவிட மூன்று மணி நேரம் தள்ளி. காலை 6.30 மட்டும் அசையக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் அதே 6.30தான். 12 வரை வெளிச்சம் குறைந்த அறையில், திரை இல்லாமல், அமைதியான விளையாட்டோடு விழித்திருக்கட்டும். படுத்த 15 நிமிடத்துக்குள் தொடர்ந்து இரண்டு இரவு தூங்கிவிட்டால், மூன்றாம் இரவு 11.45. மறுபடி இரண்டு இரவு சரியாக அமைந்தால் 11.30. தூங்காத இரவில் கட்டிலில் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். எழுப்பி, அரை மணி நேரம் மங்கிய வெளிச்சத்தில் உட்கார வைத்து, மீண்டும் படுக்க வையுங்கள். அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு நேரத்தை முன்னால் நகர்த்தாமல் அதே நேரத்திலேயே நில்லுங்கள். தடங்கல் இல்லாமல் போனால் மூன்று, நான்கு வாரத்தில் 9.15க்கு வந்து சேரலாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை, ஆகவே அதுதான் நம் இலக்கு.

இது எப்படி வேலை செய்கிறது? வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் மிகவும் விழிப்பாக இருக்கும். உங்கள் மகனுக்கு 9 மணி என்பது அந்த உச்ச விழிப்பு நேரம். அப்போது படுக்கையில் கிடத்தினால், படுக்கை என்றாலே சண்டை போடும் இடம் என்று அவன் மனதில் பதிந்துவிடும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வைத்தால் அந்தப் பதிவு அழியும்.

இந்த முறை தோற்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. குழந்தையை நள்ளிரவு வரை விழிக்க வைப்பதா என்று மனம் கேட்காமல் 10 மணிக்கே தொடங்கிவிடுவது. விடுமுறை நாளில் 9 மணி வரை தூங்க விடுவது. முதல் வாரத்தின் பகல் நேரச் சிணுங்கலைப் பார்த்து மதியம் ஒரு மணி நேரம் தூங்க வைப்பது. முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். முடிந்தால் பள்ளி விடுமுறையில் தொடங்குங்கள், ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: வலிப்பு உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கம் குறைந்தால் வலிப்பு தூண்டப்படலாம். அப்படி இருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

படுக்கைக்கு முந்தைய அரை மணி நேரம் தினமும் ஒரே வரிசையில் போகட்டும். கழிப்பறை, பல் துலக்கல், உடை மாற்றல், ஒரு படக்கதை, விளக்கு அணைத்தல். இந்த ஐந்துக்கும் ஐந்து படங்களைச் சுவரில் ஒட்டி, முடிந்த படத்தை அவனே எடுத்து ஒரு பெட்டியில் போடட்டும். வாயால் பத்து முறை சொல்வதைவிட இது நன்றாக எடுபடும், ஏனென்றால் அடுத்து என்ன, எப்போது முடியும் என்பது அவன் கண்ணுக்கே தெரிகிறது. கைபேசி, தொலைக்காட்சி எல்லாம் ஒரு மணி நேரம் முன்பே நிற்கட்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருக்கட்டும். உடலின் கடிகாரத்தைத் திருத்துவதில் இரவின் இருட்டுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு காலை வெளிச்சத்துக்கும் உண்டு.

கேள்வி: மகளுக்கு 5 வயது, வளர்ச்சித் தாமதம். நான் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குகிறாள். 1 மணிக்கும் 3 மணிக்கும் எழுந்து என்னைத் தேடுகிறாள்.

நாம் எல்லோருமே இரவில் பல முறை சில நொடிகள் விழிக்கிறோம். படுத்தபோது இருந்த சூழல் அப்படியே இருந்தால் திரும்பத் தூங்கிவிடுகிறோம், காலையில் நினைவுகூட இருப்பதில்லை. அவள் தூங்கும்போது நீங்கள் இருந்தீர்கள், 1 மணிக்கு இல்லை. அதனால் முழுதாக விழித்துக்கொள்கிறாள். ஆக, திருத்த வேண்டியது 1 மணியை அல்ல, முதன்முதலில் தூங்கும் அந்த நேரத்தை.

கட்டிலில் படுப்பதற்குப் பதில், கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்காருங்கள். தொட்டுக்கொள்ளலாம், பேச்சு வேண்டாம். மூன்று இரவுக்குப் பிறகு தொடாமல் உட்காருங்கள். அடுத்த மூன்று இரவு நாற்காலி ஒரு மீட்டர் தள்ளிப் போகட்டும். பிறகு கதவருகே, பிறகு கதவுக்கு வெளியே, அவள் கண்ணுக்குத் தெரியும்படி. நடு இரவில் எழுந்து வந்தாலும் அன்றைய நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நீங்கள். முதல் மூன்று, நான்கு இரவுகளில் அழுகை கூடும். பழைய வழி ஏன் பலிக்கவில்லை என்று அவள் இன்னும் பலமாக முயன்று பார்ப்பதுதான் அது. ஐந்தாம் இரவு மனம் இளகிப் பக்கத்தில் படுத்துவிட்டால், இன்னும் அதிகமாக அழுதால் அம்மா வருவாள் என்பதைக் கற்றுக்கொள்வாள். தாத்தா, பாட்டி, அப்பா என வீட்டில் உள்ள எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்கச் சொல்வது இதனால்தான். அழும்போது தலையை மோதிக்கொள்ளும், மூச்சை அடக்கும், வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், நடத்தைச் சிகிச்சையாளர் உடன் வேண்டும்.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளுக்கு 10 வயது. சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து தலையைக் கட்டிலில் வைத்தபடி தூங்குகிறாள். லேசான குறட்டை. விநோதமான பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம். கவலைப்பட வேண்டுமா?

ஆம். அது பழக்கம் அல்ல. மூச்சுக்குழாய் அடைபடாமல் இருக்க அவளது உடல் தானே கண்டுபிடித்த உத்தியாக இருக்க வாய்ப்பு மிகுதி. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் இருக்கிறது. முகத்தின் நடுப்பகுதி சிறிதாக இருப்பது, வாயின் அளவுக்கு நாக்கு பெரிதாக இருப்பது, தொண்டைத் தசைகள் தளர்ந்திருப்பது, டான்சிலும் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு என்ற சதையும் வழியை அடைப்பது, தைராய்டு குறைவு, உடல் எடை என்று பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. குனிந்து தூங்கும்போது நாக்கு முன்னால் சரிவதால் வழி திறக்கிறது.

கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவது, வாயைத் திறந்தே தூங்குவது, வியர்த்துக் கொட்டுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, காலையில் எரிச்சல், பகலில் சொக்கி விழுவது அல்லது அதற்கு நேர்மாறாகத் துள்ளித் திரிவது ஆகியவையும் இதன் அடையாளங்கள். பிள்ளைகளுக்குத் தூக்கம் போதாவிட்டால் பலசமயம் சோர்வாகத் தெரியாது, அடங்காத்தனமாகத் தெரியும்.

குறட்டை இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பெற்றோரின் கணிப்பு இதில் அடிக்கடி தவறிப்போகிறது. அதனால்தான் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 4 வயதுக்குள் ஓர் இரவுத் தூக்க ஆய்வு செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. உங்கள் மகளுக்கு 10 ஆகிவிட்டது, தள்ளிப்போட வேண்டாம். அதுவரை, முகமும் மார்பும் தெரியும்படி, ஒலியோடு, கைபேசியில் சில நிமிடங்கள் படம் எடுத்து வையுங்கள். அதிகாலை 3 மணிக்கு மேல் எடுப்பது நல்லது. கனவுத் தூக்கம் அப்போதுதான் மிகுதி, தசைகள் மிகவும் தளர்வதால் மூச்சுத்தடையும் அப்போது கூடும்.

ஆய்வில் உறுதியானால், பெரும்பாலும் டான்சிலையும் அடினாய்டையும் நீக்குவதுதான் முதல் சிகிச்சை. மயக்க மருந்து கொடுப்பவரிடம் டவுன் சிண்ட்ரோமில் கழுத்து எலும்புகளின் பிணைப்பு தளர்வாக இருக்கலாம் என்பதை நினைவூட்டுங்கள். கழுத்தை அளவுக்கு மீறி வளைக்கக் கூடாது. அறுவைக்குப் பிறகும் பலருக்கு நோய் முழுதாகப் போவதில்லை. ஆகவே சில மாதம் கழித்து மறுபடியும் தூக்க ஆய்வு செய்தாக வேண்டும். ‘ஆபரேஷன் முடிந்தது, இனி கவலையில்லை’ என்று இந்த இரண்டாவது ஆய்வைத் தவிர்ப்பவர்கள் நிறைய.

மூச்சுத்தடை மீதமிருந்தால், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவி, அதாவது சி-பேப். முகமூடியை முதல் நாள் இரவே மாட்டினால் பிய்த்து எறிவாள், அதோடு அந்தக் கருவியைக் கண்டாலே ஆகாது. பகலில் தொடங்குங்கள். முதலில் கையில் வைத்து விளையாடட்டும். பிறகு பட்டை இல்லாமல் கன்னத்தில் 5 நொடி, எண்ணிக்கொண்டே. பிறகு மூக்கின் மேல் 10 நொடி. பிறகு பட்டை போட்டு, பிடித்த படம் ஓடும்போது 5 நிமிடம். கருவியின் ஓசையைத் தனியாகப் பழக்குங்கள், காற்றைத் தனியாகப் பழக்குங்கள். ஒரு படியில் அழுதால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். சில வாரங்கள் ஆகும். காலையில் கண் சிவந்து வறண்டிருந்தால் முகமூடியின் மேல் ஓரத்தில் காற்றுக் கசிகிறது என்று பொருள், அளவை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது, பேச்சு கிடையாது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவன், இரண்டு மாதமாக இரவில் எழுந்து கன்னத்தில் அடித்துக்கொள்கிறான். தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள்.

அக்கறையோடு சொல்கிறோம்: மாத்திரைக்கு முன் அவர் வாயைத் திறந்து பாருங்கள். பேச முடியாதவரிடம் புதிதாக வரும் இரவு விழிப்பும் தன்னை அடித்துக்கொள்வதும், வேறு காரணம் தெரியும்வரை வலி என்றே கருதப்பட வேண்டும். எங்கே அடிக்கிறார் என்பது ஒரு துப்பு. கன்னம் என்றால் பல்லும் காதும் முதலில். பல் மருத்துவரிடம் பரிசோதனைக்கே மயக்க மருந்து தேவைப்பட்டாலும் அது வீண் வேலை இல்லை.

அடுத்து மலச்சிக்கல். தினமும் போகிறார் என்பது போதாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வாகப் போவதே, உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம். படுத்ததும் எழுந்து உட்கார்கிறார், நெஞ்சைத் தட்டுகிறார், அதிகமாக விழுங்குகிறார், பல்லின் பின்புறம் தேய்ந்திருக்கிறது என்றால் வயிற்று அமிலம் மேலேறுவதைச் சந்தேகியுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை வைப்பதும் அதற்கு உதவும். தலையணையை அடுக்குவது உதவாது, வயிற்றை மடக்கி அழுத்தத்தைக் கூட்டிவிடும். தோல் அரிப்பு, சிறுநீர்த்தொற்று, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றையும் மருத்துவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாக விலக்குங்கள். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டிலோ அவர் போகும் மையத்திலோ யாராவது பிரிந்து போனார்களா, இடம் மாறியதா என்றும் யோசியுங்கள். துக்கத்தைச் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை.

காப்பகங்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஊழியர்களின் பணிநேரத்துக்காக இரவு 8 மணிக்கே படுக்க வைத்தால் அதிகாலை 3, 4 மணிக்கு விழிப்பு வந்தே தீரும். பெரியவர்களுக்குத் தேவை 7 முதல் 9 மணி நேரம். அவர் தூங்கி முடித்துவிட்டார். அதை நோய் என்று எழுதி மருந்து கொடுப்பது தவறு. படுக்கும் நேரத்தை 10க்கு நகர்த்தினால் போதும்.

கேள்வி: மெலடோனின் பழக்கமாகிவிடுமா? அதற்குப் பதில் தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து கொடுக்கலாமா?

சளி மருந்து வேண்டாம். அந்த வகை மருந்துகளுக்குச் சில நாட்களில் உடல் பழகிவிடும். சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, தூக்கத்துக்குப் பதில் பதற்றத்தைக் கொடுக்கும்.

மெலடோனின் நம் மூளை இருட்டில் சுரக்கும் பொருள்தான். வழக்கமான தூக்க மாத்திரைகளைப் போல அடிமைப்படுத்துவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக அமெரிக்க நரம்பியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதலில் நடத்தை முறைகள், போதாதபோது மெலடோனின் என்கிறது. படுக்கைக்கு 30 முதல் 60 நிமிடம் முன், 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப மெல்லக் கூட்டி, 10ஐத் தாண்டாமல். மருத்துவர் வழியாக, மருந்துத் தரம் உள்ளதை மட்டும் வாங்குங்கள். கனடாவில் 2017இல் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, ஒன்றில் லேபிளில் எழுதியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, இன்னொன்றில் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

சாதாரண மெலடோனின் தூக்கத்தைத் தொடங்கி வைக்கும். நடு இரவு விழிப்புக்கு அவ்வளவாக உதவாது. அதற்கு மெதுவாகக் கரையும் வகை உண்டு, அதை உடைக்கவோ மென்று விழுங்கவோ கூடாது. சிலருக்கு முதல் சில வாரம் அருமையாக வேலை செய்து பின் நின்றுபோகும். உடனே அளவைக் கூட்டத் தோன்றும். ஆனால் அவர்களில் பலருக்கு மெலடோனினை உடல் மெதுவாகவே சிதைப்பதால் பகலிலும் அது தேங்கிவிடுகிறது. இரவுக்கும் பகலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. சில நாள் நிறுத்தி, முன்னைவிடக் குறைந்த அளவில் தொடங்குவதே அங்கே சரியான வழி. ஃப்ளுவோக்சமின் என்ற மனநல மருந்து மெலடோனினின் அளவை இரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும், அதைச் சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று: டையசிபம் போன்ற, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் மருந்துகள் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சுத்தடையை மோசமாக்கும். குறட்டை விடுபவருக்கு மூச்சைச் சோதிக்காமல் அவற்றை இரவில் தொடங்கக் கூடாது. வலிப்புக்காக ஏற்கெனவே எடுத்துவந்தால் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

கேள்வி: படுத்ததும் காலை உதைத்துக்கொண்டே இருக்கிறான், போர்வை நிற்பதில்லை. சேட்டையா?

இரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சேமிப்பு குறைந்தால் கால்களில் சொல்லத் தெரியாத அமைதியின்மை வரும், தூக்கத்திலும் கால் வெட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இது வரலாம். இரத்தசோகைக்கான கணக்கில் ‘நார்மல்’ என்று வரும் ஃபெரிட்டின்கூட, கால் அமைதியின்மை உள்ள குழந்தைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புச் சத்து கொடுப்பதற்குப் போதுமான காரணம். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். பரிசோதிக்காமல் இரும்பு கொடுக்காதீர்கள், மிகுந்தால் நஞ்சு.

கேள்வி: மகளுக்கு ஸ்மித்–மாஜெனிஸ் சிண்ட்ரோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதிகாலை 3 மணிக்கே எழுந்துவிடுகிறாள், பகலில் சாப்பிடும்போதே தூங்குகிறாள்.

அவளது கடிகாரம் உண்மையிலேயே தலைகீழாக ஓடுகிறது. 17ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லாமல் போவதோ, அங்குள்ள ஆர்.ஏ.ஐ.1 என்ற மரபணு பழுதாவதோ இதற்குக் காரணம். இவர்களில் பெரும்பாலோருக்கு மெலடோனின் இரவுக்குப் பதில் பகலில் சுரக்கிறது. எனவே வளர்ப்பில் குறை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். காலையில் பகல் சுரப்பை அடக்கும் பீட்டா தடுப்பு மருந்து (இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் வகை), இரவில் மெலடோனின் என்ற இரட்டைச் சிகிச்சையை அனுபவமுள்ள நிபுணர்கள் தருகிறார்கள். ஆஸ்துமா இருந்தால் அந்தக் காலை மருந்து ஆகாது. டாசிமெல்டியான் என்ற மருந்துக்கு இந்த நோயின் இரவுத் தூக்கக் கோளாறுக்காக அமெரிக்கா 2020 டிசம்பரில் அனுமதி கொடுத்தது.

கேள்வி: கனமான போர்வை வாங்கலாமா?

பிடித்திருந்தால் பயன்படுத்தலாம், தூக்கம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்து 2014இல் வெளிவந்த ஆய்வில் தூங்கிய நேரம் கூடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கனம் வேண்டாம். தானே விலக்கிவிட முடியாத பிள்ளைக்கும், வலிப்பு அல்லது மூச்சுத்தடை உள்ளவருக்கும் போர்த்தக் கூடாது.

கேள்வி: இரவில் எழுந்து நடமாடுகிறான், அடுப்பைத் திருகுகிறான். அறையை வெளியே பூட்டிவைக்கிறோம். மனசு அறுக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் பூட்டு வேண்டாம். தீப்பிடித்தாலோ வலிப்பு வந்தாலோ சாவி தேடும் நேரம் இருக்காது. கதவு திறந்தால் உங்கள் தலைமாட்டில் ஒலிக்கும் சிறு அலாரத்தைப் பொருத்துங்கள். எரிவாயுவை உருளையிலோ சுவர்க் குழாயிலோ அடைத்துவிட்டுப் படுங்கள், அடுப்புத் திருகுகளைக் கழற்றி எடுத்துவிடலாம். அவன் அறையையே ஆபத்தில்லாத அறையாக்குங்கள்: அலமாரிகளைச் சுவரோடு திருகி இறுக்குவது, ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தடுப்பு, தொங்கும் திரைக்கயிறுகளையும் மருந்துகளையும் அப்புறப்படுத்துவது, கட்டிலுக்குப் பதில் தரையில் மெத்தை. பக்கக் கம்பிகளோடு கட்டில் இருந்தால் கம்பிக்கும் மெத்தைக்கும் இடையே தலை புகும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் அளந்து பாருங்கள்.

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரவைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2 மணி வரை, மற்றவர் அதற்குப் பின். முறை இல்லாதவர் வேறு அறையில், அலாரம் கேட்காத தூரத்தில் படுக்கட்டும். தனியாகப் பார்த்துக்கொள்பவர் என்றால், வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவர் வந்து இருக்க ஏற்பாடு கேளுங்கள். மருத்துவரிடம் பிள்ளையின் தூக்கக் குறிப்போடு உங்கள் தூக்கத்தையும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள்.